பார்ட்னர் என்றொரு சொல்: மாட்டுப்பண்ணை நாட்டில் ஆண்களின் காதல்

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தின் ஒரு மாட்டுப்பண்ணையில் இரண்டு ஆண்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒருவருக்கு முன்பு திருமணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை இருவருமாகத்தான் வளர்த்து ஆளாக்கினார்கள். நிலம் மற்றவர் பெயரில் இருந்தது. அவர் சாகும் முன்பு எல்லாவற்றையும் தன் துணைவர் பெயருக்கே உயில் எழுதிவைத்திருந்தார். அந்த உயிலில் சாட்சிக் கையெழுத்து ஒன்று குறைந்துபோனது. இறந்தவரின் தூரத்துச் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். உயில் செல்லாது என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பண்ணை கைவிட்டுப் போனது. அத்தனை காலம் அங்கே குடியிருந்ததற்கு வாடகை கொடு என்றுகூட அந்த மனிதர்மேல் வழக்குத் தொடுத்தார்கள்.

அமெரிக்க மேற்கின் மாட்டுக்காரர்களான கௌபாய்களுக்குள் காதலா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஆச்சரியத்தோடுதான் கேட்கிறார்கள். குதிரை, துப்பாக்கி, அகன்ற தொப்பி, பேசாத வாய் என்று காமிக்ஸில் பார்த்து வளர்ந்த உருவத்துக்கும் இதற்கும் என்ன பொருத்தம் என்ற ஆச்சரியம். அந்த நாட்டின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டிய இடம் வேறு என்று தெரிகிறது. இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதற்கு மேய்ச்சல் நிலம் எப்போதும் இடம் கொடுத்திருக்கிறது. அவர்கள் சேர்ந்து நிலம் வைத்துக்கொள்ளத்தான் இடம் கொடுக்கவில்லை. இந்தக் காதல்களின் துயரமெல்லாம் நிலத்தில் வந்து முட்டி நின்றது என்பதே என் எண்ணம்.

முதலில் வேலையைப் பார்ப்போம். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்ஸாஸில் மாடுகள் பெருகிக் கிடந்தன. வாங்க ஆள் இல்லை. கிழக்கு நகரங்களில் இறைச்சிக்கு நல்ல விலை இருந்தது, ஆனால் ரயில் டெக்ஸாஸ் வரைக்கும் வரவில்லை. ஆகவே மாடுகளைக் கான்சாஸில் இருந்த ரயிலடிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். 1867இல் அபிலீன் என்ற ஊர் அப்படித்தான் சந்தையானது. ஒரு மந்தையில் 2,000, 3,000 மாடுகள். ஓட்டிப்போகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நாளுக்கு 10 முதல் 15 மைல் நடை, மூன்று நான்கு மாதப் பயணம், மாதம் 30 அல்லது 40 டாலர் கூலி. திரைப்படங்கள் வெள்ளையர்களை மட்டுமே காட்டின. உண்மையில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் கணிசமாக இருந்தார்கள். குதிரையேற்றமும் கயிறு வீசும் வித்தையும் மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்து கற்றவைதான்.

இரவுக் காவலை நினைத்துப் பாருங்கள். மந்தை படுத்ததும் இரண்டு பேர் குதிரையேறி அதைச் சுற்றிவருவார்கள். ஒருவர் வலமாக, மற்றவர் இடமாக. மாடு மிரளாதிருக்க மெல்லப் பாடிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இருட்டில் ஒருவரையொருவர் இரண்டு முறை கடப்பார்கள். மாதக்கணக்கில் இதே மனிதரின் குரல், இதே மனிதரின் குதிரைக் குளம்படி. குளிர் இரவுகளில் கம்பளிகளைச் சேர்த்து விரித்து இரண்டிரண்டு பேராகப் படுப்பதும் சாதாரண வழக்கம். இதில் காதல் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை, பெரும்பாலோருக்கு இருந்திருக்காது. இருந்தவர்களுக்கு அதை மறைக்கத் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நெருக்கம் அந்தத் தொழிலுக்குள்ளேயே இருந்தது.

பார்ட்னர் என்ற சொல்லும் அங்கே புழங்கியதுதான். சேர்ந்து வேலை செய்பவர், கூலியைப் பங்கிட்டுக்கொள்பவர், ஆபத்தில் துணை நிற்பவர் எல்லோருக்கும் அந்த ஒரே சொல். சார்ல்ஸ் குட்நைட், ஆலிவர் லவிங் என்ற இரு மாட்டு வியாபாரிகள் 1866இல் டெக்ஸாஸிலிருந்து நியூ மெக்சிகோவுக்குப் பாதை போட்டார்கள். மறு வருடம் லவிங் தாக்குதலில் காயம்பட்டு இறந்தார். அந்நிய மண்ணில் என்னைப் புதைக்காதே என்ற அவருடைய கடைசி விருப்பத்துக்காக உடலைத் தோண்டியெடுத்து, தகரப் பெட்டியில் வைத்துக் கரித்தூள் நிரப்பி, சுமார் 600 மைல் தூரம் வண்டியில் டெக்ஸாஸ் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இருவரும் பெண்களை மணந்தவர்கள், அவர்களை நான் காதலர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆணுக்காக இன்னொரு ஆண் இவ்வளவு செய்யலாம், செய்தால் ஊர் மெச்சும் என்பது அந்தச் சமூகத்தின் நடப்பாக இருந்தது. காதலர்களும் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. இன்று ஆங்கிலத்தில் வாழ்க்கைத்துணையைக் குறிக்கப் பயன்படுவதும் இதே சொல்தான். நம் மொழியில் பங்காளி என்றால் பங்குக்கு உரியவன், பங்குக்குச் சண்டை போடுகிறவன் இரண்டும்தான். இந்த வரலாற்றை வாசிக்கும்போது எனக்கு அந்தச் சொல் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

பெண்கள் மிகக் குறைவாக இருந்த நாடு அது. 1869இல் வயோமிங் பகுதி பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தபோது அங்கே ஏறக்குறைய ஆறு ஆண்களுக்கு ஒரு பெண்தான். பெண்களைக் குடியேற ஈர்ப்பதும் அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம் என்பார்கள். நடனம் என்றால் ஆண்களே ஜோடி சேர்ந்து ஆடினார்கள். பெண் வேடம் ஏற்பவர் கையில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொள்வார். ‘கிடாரி முத்திரை’ போட்டவர் என்று அவருக்குப் பெயர். மாட்டுக்காரர்களின் வாயில் எல்லாமே மாட்டுப் பேச்சுதான். அதில் கேலி இருந்தாலும் வன்மம் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை கைக்குட்டை வேறொருவர் கைக்குப் போகும்.

இந்த மனநிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மிச்சமிருந்தது என்பதற்கு அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்ஸி சாட்சி. ஆண்களின் பாலியல் வாழ்க்கை பற்றி 1948இல் வெளியான அவரது பெரிய ஆய்வில், மேற்கின் தொலைதூரக் கிராமப்புறங்களில் மாட்டுப்பண்ணைக்காரர்கள், மரம் வெட்டுவோர், சுரங்கம் தேடுவோர் நடுவே ஆண்களுக்கிடையிலான உறவு நன்றாகவே காணப்படுகிறது என்று குறிப்பிடுகிறார். அவர் சொல்வதில் ஒரு பகுதி இன்னும் முக்கியம்: நகரத்துத் தன்பாலீர்ப்பாளர்கள் சிலரின் நடை உடை பாவனைகளை இந்த மனிதர்கள் சகிக்கமாட்டார்கள், ஆனால் தாங்கள் செய்வதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. செய்வதற்குத் தடையில்லை, அதற்கு ஒரு பெயர் வைத்தால்தான் தடை. இந்த ஏற்பாட்டுக்குள் ஒருவர் ஒரு கோடைகாலத்தைக் கழித்துவிடலாம். ஒரு ஆயுளைக் கழிப்பது கடினம்.

ஏன் கடினம் என்பதற்கு மறுபடியும் நிலத்துக்கே வரவேண்டும். ஜோசஃப் கிளிட்டன் 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். திறந்தவெளி மேய்ச்சலின் முடிவு அங்கே தொடங்கியது. 1886-87 குளிர்காலம் மீதியை முடித்தது. பனியில் புல் மூடிப்போய், வடசமவெளியில் மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. அதன் பிறகு குளிர்காலத்துக்கு வைக்கோல் அறுத்துச் சேமிக்காமல் மாடு வைத்துக்கொள்ள முடியாது என்றாயிற்று. வைக்கோலுக்கு வயல் வேண்டும், வயலுக்கு வேலி வேண்டும், வேலிக்கு உள்ளே வருடம் முழுக்க உழைக்கும் ஆட்கள் வேண்டும். கூலி கொடுத்துக் கட்டுபடியாகாத இடத்தில் குடும்பமே கூலியில்லாப் பட்டாளம் ஆனது: மனைவி சமையலும் கோழியும் கணக்கும், பிள்ளைகள் கன்றுகளும் குதிரைகளும். பண்ணை என்றால் திருமணம் என்று பொருளானது. கல்யாணம் ஆகாத கூலியாள் கொட்டகைக் கட்டிலில் கிழவனாகி, ஒரு சேணத்தையும் ஒரு பெட்டியையும் விட்டுவிட்டுச் சாவான்.

இடையில் ஒரு வாய்ப்பு இருந்தது. 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி 21 வயது நிறைந்தவர்கள், திருமணமாகாதவர்களும்கூட, 160 ஏக்கருக்கு மனுப் போடலாம். ஐந்து ஆண்டுகள் அங்கே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். அடுத்தடுத்த நிலங்களுக்கு மனுப் போட்டு, எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு குடிலைக் கட்டிக்கொண்டு, இரு பக்கமும் குடியிருப்பு என்று காட்டியவர்கள் உண்டு. அக்கா தங்கைகள், அண்ணன் தம்பிகள், நண்பர்கள். அப்படிச் சேர்ந்து குடியிருந்த பிரம்மச்சாரிகளில் சிலர் ஒருவருக்கொருவர் யாராக இருந்தார்கள் என்பதை எந்தப் பதிவேடும் எழுதிவைக்கவில்லை. ஒருவர் செத்தால் அவருடைய 160 ஏக்கர் கிழக்கே எங்கோ இருந்த ரத்த சொந்தத்துக்குப் போகும். குடில் நடுவில் பிளந்ததுபோல.

இந்தக் காலத்துக்குப் பிறகு வந்ததுதான் நாம் அறிந்த கௌபாய். உண்மையான மாட்டுக்காரர்களின் காலம் முடிந்தபின் நாவல்களும் சர்க்கஸ்களும் சினிமாவும் ஒரு புதிய மனிதனைச் செய்தன. 1934 முதல் ஹாலிவுட் தனக்கெனக் கறாராக வைத்திருந்த தணிக்கை விதிகள், 1961இல் தளர்த்தப்படும் வரை, தன்பாலின உறவைச் சாடையாகக் காட்டுவதைக்கூடத் தடுத்தன. கௌபாய்ப் படங்களின் பொற்காலம் முழுக்க அந்த வேலிக்குள்தான் ஓடியது. பிறகு சிகரெட் விளம்பரம் அவனைக் கையில் எடுத்தது. மூன்று தலைமுறைகள் பார்த்த உருவம் இப்படி வந்தது, அதைத்தான் பண்ணைப் பிள்ளைகளும் பார்த்து வளர்ந்தார்கள். தாத்தாவின் கையில் கட்டிய கைக்குட்டை அவர்களுக்குத் தெரியாது.

சட்டமும் இறுகியது. 1955இல் ஐடஹோவின் தலைநகர் பாய்ஸியில் நடந்த தன்பாலீர்ப்பாளர் வேட்டை நாடு முழுக்கச் செய்தியானது. கைதானவர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை வயோமிங் 1977இலேயே நீக்கிவிட்டது. மொன்டானாவில் 1997இல் மாநில உச்ச நீதிமன்றம் நீக்கியது. டெக்ஸாஸ், ஒக்லஹோமா, ஐடஹோ போன்ற மாநிலங்களில் 2003 ஜூன் 26 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லும் வரை அது இருந்தது. தொடக்கத்தில் சொன்ன ஒக்லஹோமா இணையர் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகள் முழுவதும் மாநிலச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் உறவு குற்றமாகவே இருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கூட்டம் தங்கள் தொப்பியைக் கழற்ற மறுத்தது. அவர்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. 1976இல் நெவாடாவின் ரீனோ நகரில் ஃபில் ராக்ஸ்டேல் என்பவர் முதியவர்களின் விருந்துக்குப் பணம் திரட்ட ஒரு ரோடியோ நடத்தத் திட்டமிட்டார். குதிரையடக்குதல், காளைமேல் அமர்தல், கன்றுக்குக் கயிறு வீசுதல் என்று பண்ணை வேலையையே போட்டியாக்கிய விழாதான் ரோடியோ. ஆடுபவர்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மாடு தர மறுத்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் கிடைத்தவை ஐந்து மாடுகள், பத்துக் கன்றுகள், ஒரு பன்றி, ஒரு மட்டக்குதிரை. இவற்றை வைத்துக்கொண்டே நடத்தினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். கொலராடோ, டெக்ஸாஸ், கலிஃபோர்னியா, அரிசோனாவின் சங்கங்கள் சேர்ந்து 1985இல் சர்வதேச அமைப்பொன்றையும் உருவாக்கின.

போட்டிகளின் பட்டியலைப் பார்த்தாலே அவர்களின் மனம் புரியும். முரட்டுக் காளைமேல் அமரும் போட்டி வழக்கம்போல் உண்டு. எலும்பு முறியும் அபாயமும் வழக்கம்போல்தான். கூடவே ஆட்டுக்கு உள்ளாடை மாட்டிவிடும் போட்டி, காளையின் வாலில் ரிப்பன் கட்டும் போட்டி. இன்னொன்றில் ஓர் ஆண், ஒரு பெண், எதிர்பாலின வேடமிட்ட ஒருவர் என மூவர் சேர்ந்து ஒரு மாட்டைக் கோட்டைத் தாண்ட வைக்க வேண்டும். வழக்கமான ரோடியோவில் பெண்களுக்குத் தனியே ஒதுக்கிய சில போட்டிகள்தான். இங்கே எல்லாப் போட்டியும் எல்லோருக்கும் திறந்திருந்தன. ஊரைவிட்டு ஓடி நகரத்தில் எழுத்தராகவோ சிகையலங்காரம் செய்பவராகவோ பிழைத்த பண்ணைப் பிள்ளைகள் இங்கே வந்து அப்பாவிடம் கற்ற கயிறு வீச்சைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஊரும் வேண்டும், தானும் வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு வருடத்தில் சில வார இறுதிகளாவது இரண்டும் கிடைத்தன.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1988இல் நெவாடாவின் ஃபாலன் அருகே நடக்கவிருந்த இறுதிப் போட்டியை நீதிமன்றத் தடை வாங்கி நிறுத்தினார்கள். பூட்டிய மைதானத்தின் வாசலிலிருந்து குதிரைகளோடு திரும்பிப்போனார்கள் போட்டியாளர்கள். அந்த ஆண்டுகளிலேயே எய்ட்ஸ் அவர்களை வாரிக்கொண்டு போனது. சவாரிக்காரர்கள் பலர் செத்தார்கள். முதியவர் விருந்துக்குப் பணம் திரட்டத் தொடங்கிய ரோடியோ, நோயுற்ற தோழர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் பணம் திரட்டும் இடமானது.

வெளியுலகம் இந்தக் காதலை அறிந்தது பெரும்பாலும் ஒரே கதையால்தான். அப்போது வயோமிங்கில் வாழ்ந்த ஆனி ப்ரூ எழுதிய ‘ப்ரோக்பேக் மவுன்டன்’ என்ற சிறுகதை 1997 அக்டோபரில் ஒரு வார இதழில் வந்தது. ஆங் லீ இயக்கிய படம் 2005இல் வந்து சிறந்த இயக்கம், தழுவல் திரைக்கதை, இசை என மூன்று ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. எல்லோரும் கௌபாய்க் காதல் என்று சொல்லும் அந்தக் கதையில், 1963 கோடையில் அந்த இருவரும் மேய்ப்பது ஆடுகளை. இது சின்ன விஷயமில்லை. மாட்டுக்காரர்கள் ஆட்டுக்காரர்களை மதித்ததே இல்லை; 1909இல் வயோமிங்கின் டென் ஸ்லீப் ஊர்ப்பக்கம் ஆட்டுக் கிடையைத் தாக்கி மூன்று பேரைக் கொன்றார்கள். மாட்டு வேலை கிடைக்காதவன்தான் ஆட்டுக் கிடைக்குப் போவான். கோடையில் மலைமேல் புல் தழைக்கும்போது ஆடுகளை ஏற்றி, பனி வரும் முன்பு இறக்குவார்கள். அதுவரை அங்கே இரண்டே மனிதர்கள். ஏழ்மைதான் அந்தத் தனிமையை அவர்களுக்குக் கொடுத்தது.

நம் திணை மரபில் வளர்ந்த வாசகருக்கு அந்தக் கதை இன்னொரு வகையிலும் புரியும். மலை குறிஞ்சி, அதன் உரிப்பொருள் புணர்தல். மேய்ச்சல் நிலம் முல்லை, அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். அவர்கள் மலையில் கூடினார்கள். இறங்கிவந்த பிறகு ஆளுக்கொரு குடும்பமாகி, தபால் அட்டைக்கும் அடுத்த மீன்பிடிப் பயணத்துக்கும் இருபது ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஒருவன் கேட்பது மிக எளிய ஒன்றைத்தான்: நமக்கென்று ஒரு சின்னப் பண்ணை, கொஞ்சம் மாடு கன்று. மற்றவனால் அதற்குச் சரி என்று சொல்ல முடியவில்லை. சேர்ந்து பண்ணை வைத்திருந்த இரண்டு வயதான ஆண்களில் ஒருவருக்கு நேர்ந்த கதியைச் சிறு வயதில் அப்பா அவனைக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார். அந்தக் கதையில் எனக்கு மிகவும் வலித்த இடம் அதுதான்.

கதை வந்த மறு ஆண்டே, 1998 அக்டோபரில், வயோமிங்கின் லாரமி நகரில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவரை இருவர் ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடித்து, மரவேலியில் கட்டிவிட்டுப் போனார்கள். பல மணி நேரம் கழித்து அவ்வழியே சைக்கிளில் போனவர் பார்த்தார். அக்டோபர் 12 அன்று அவர் மருத்துவமனையில் இறந்தார். அவர் கௌபாய் இல்லை. ஆனால் அந்த வேலியின் படத்தைப் பார்த்த பண்ணைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் ஊர் வேலியைத்தான் பார்த்திருப்பார்கள். வெறுப்புக் குற்றங்களுக்கான கூட்டாட்சிச் சட்டம் 2009இல் அவர் பெயரையும், 1998இலேயே டெக்ஸாஸில் கொல்லப்பட்ட கறுப்பினத்தவரான ஜேம்ஸ் பேர்டின் பெயரையும் தாங்கி வந்தது. வயோமிங் மாநிலமோ தனக்கென அப்படியொரு சட்டத்தை இயற்றவில்லை.

இப்போதும் அங்கே வாழ்வது எளிதாகிவிடவில்லை. வயோமிங்கின் மொத்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 5,76,851. அடுத்த வீடு சில மைல் தள்ளி இருக்கும் நாட்டில் ஒருவரைச் சந்திப்பதே பெரும்பாடு. கைப்பேசியில் தேடினாலும் பக்கத்து ஆள் என்று காட்டுபவர் நூறு மைலுக்கு அப்பால் இருப்பார். பனிப்புயலில் மாடு தேட, பிரசவத்தில் சிக்கிய பசுவைக் காப்பாற்ற, வைக்கோல் ஏற்ற அக்கம்பக்கத்தார் இல்லாமல் முடியாது. பக்கத்துப் பண்ணைக்காரரைப் பகைத்துக்கொண்டு வாழ முடியாத அந்த நிலைதான் பலரை வாய் மூடியிருக்கச் செய்கிறது. அதே நிலைதான், வேலையில் கெட்டிக்காரனாக இருந்தால் அவன் வீட்டில் யார் இருக்கிறார் என்று கேளாமல் இருக்கவும் அண்டை வீட்டாரைப் பழக்கியிருக்கிறது.

சட்டத்தில் மட்டும் ஒரு பெரிய மாற்றம் வந்தது. வயோமிங்கில் 2014 அக்டோபர் 21இல் தன்பாலினத் திருமணம் செல்லுபடியானது; மொன்டானாவில் அதே ஆண்டு நவம்பரில்; நாடு முழுவதும் 2015 ஜூன் 26இல். நகரத்து இணையருக்கு அது மரியாதையும் காப்பீடும். பண்ணை இணையருக்கு அதற்கு மேலும் ஒன்று: உயிலில் பிழை இருந்தாலும், உயிலே இல்லாவிட்டாலும், கணவன் என்ற முறையில் நிலத்தில் ஒருவருக்கு உரிமை உண்டு. தூரத்துச் சொந்தம் அவருக்குப் பிறகுதான் வரிசையில் நிற்க வேண்டும்.

ஒக்லஹோமாவில் அந்த நாள் 2014 அக்டோபர் 6. பண்ணை கைவிட்டுப் போன தீர்ப்புக்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து. அந்த மாநிலத்தில் உயிலுக்கு வேண்டியதுபோலவே திருமணத்துக்கும் இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்து வேண்டும்.